தொண்ணூறாம் நாள்

1985 மே 28 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சரியாகப் பதினேழு நாள் கழித்து, ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரை ஒட்டி மோசல் ஆற்றில் நின்ற பயணக் கப்பலொன்றில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னது மனித உரிமை வழக்கு. பின்னது எல்லைச் சாவடிகளைப் பற்றியது. சட்டம் படிப்பவர்கள் இரண்டையும் வெவ்வேறு பாடங்களில் படிக்கிறார்கள். ஆனால் ஐரோப்பியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர் ஒருவர், இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், அவருடைய குடும்ப வாழ்க்கை இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் வழக்குத் தொடுத்தவர்கள் அப்துல்அஜீஸ், கபாலெஸ், பால்கந்தலி என்ற மூன்று பெண்கள். மூவரும் பிரிட்டனில் சட்டப்படி நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். ஒருவருடைய கணவர் போர்த்துகீசியர், இன்னொருவருடையவர் பிலிப்பைன்ஸ்காரர், மூன்றாமவருடையவர் துருக்கியர். கணவர்களைத் தங்களோடு இருக்கவிடும்படி கேட்டார்கள், பிரிட்டன் மறுத்தது. அன்றைய விதிப்படி அதே நிலையிலுள்ள ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது எளிது, பெண் தன் கணவனை அழைத்துக்கொள்வது கடினம். வருகிற ஆண் வேலைக்குப் போட்டியாவான் என்பது அரசின் வாதம். இது பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த வெற்றியைத்தான். அதே தீர்ப்பில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. தம்பதியர் எந்த நாட்டில் குடித்தனம் நடத்த விரும்புகிறார்களோ, அந்த விருப்பத்தை ஏற்றே ஆகவேண்டும் என்ற பொதுக் கடமை அரசுகளுக்கு இல்லை என்கிறது அது. தோற்ற பிரிட்டன் அடுத்துச் செய்ததும் மறக்கக் கூடாதது. கணவர்களுக்குப் போட்ட முட்டுக்கட்டையை அது எடுக்கவில்லை. மனைவிகளுக்கும் அதையே போட்டுச் சமத்துவத்தை நிறைவேற்றியது.

கப்பலில் கூடிய ஐந்து நாடுகள் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். தங்களுக்கு இடையிலான எல்லைகளில் சோதனையைப் படிப்படியாகக் கைவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். மூன்று நாடுகள் சந்திக்கும் முனை என்பதால் அந்த ஊர். 1990 ஜூன் 19 அன்று அதன் செயலாக்க உடன்படிக்கை வந்தபோது வெளியாருக்கான கணக்கும் அதில் ஏறியது: முதலில் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம். 1995 மார்ச் 26 முதல் சோதனைச் சாவடிகள் காலியாயின. உள்ளே இருந்த கதவுகள் எல்லாம் திறந்ததால் வெளிவாசலில் நாள் எண்ணுவது முக்கியமாகிவிட்டது.

மூன்று மாதம் என்ற அளவு ஷெங்கனில் பிறந்ததில்லை. 1957 டிசம்பர் 13 அன்று பாரிஸில் ஐரோப்பிய கவுன்சில் நாடுகள் செய்த ஓர் ஒப்பந்தத்திலேயே, மூன்று மாதத்துக்கு மேற்படாத வருகைக்கு விசா வேண்டாம் என்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வருபவர், உறவினரைப் பார்க்க வருபவர், மருத்துவத்துக்கு வருபவர் ஆகியோரை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. ஐரோப்பா தாராளமாக அதை மூன்று மாதமாக வைத்துக்கொண்டது; விருந்தாளிக்கு அது போதும். அதே முழக்கோலை எடுத்து ஒரு மனைவியையோ கணவனையோ அளக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

தவறு எவ்வளவு பழையது என்று தெரிய இன்னும் பின்னால் போகவேண்டும்.

நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பிரெஞ்சுக்காரனை மணந்த வெளிநாட்டுப் பெண் பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவாள். வெளிநாட்டவனை மணந்த பிரெஞ்சுப் பெண் கணவனின் நாட்டுக்காரி ஆகிவிடுவாள். பிரிட்டனும் 1870-இல் இதையே சட்டமாக்கியது. மனைவி எங்கே தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று எந்த அதிகாரியும் கேட்கவேண்டியதில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவளுக்கென்று ஒரு நாடு இல்லை. இதன் விலையைப் பெண்கள்தான் கொடுத்தார்கள். முதல் உலகப்போர் வந்தபோது, இங்கிலாந்திலேயே பிறந்து, இங்கிலாந்தைத் தாண்டியே அறியாத பெண்கள், ஜெர்மானியரை மணந்த ஒரே காரணத்தால் எதிரிநாட்டுப் பிரஜைகளாகிக் காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பெண் 1927-இல்தான் வெளிநாட்டவரை மணந்தும் பிரெஞ்சுக்காரியாகவே இருக்கும் உரிமை பெற்றாள். பிரிட்டிஷ் பெண்ணுக்கு அது 1949 தொடக்கத்தில் கிடைத்தது.

வந்து சேரும் மனைவிக்கு மட்டும் பழைய வழி பிரான்ஸில் 1960-களிலும் இருந்தது. இங்கே பாண்டிச்சேரியை நினைக்காமல் இருக்க முடியாது. 1962 ஆகஸ்டில் கையளிப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, குறித்த கெடுவுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா'க்களின் வீடுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அப்படியொரு வீட்டுக்கு 1960-களில் கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ மருமகளாக வந்த பெண், அந்தத் திருமணம் பிரெஞ்சுச் சட்டப்படி செல்லுபடியானதாக இருந்தால், தாலி ஏறிய நாளிலேயே பிரான்ஸின் குடிமகள். 1945-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

1973 ஜனவரியில் வந்த சட்டம் இதை மாற்றியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. தானாக வருவது நின்றது. விரும்புகிறவர் எழுதிக்கொடுத்துக் கேட்கலாம். நல்ல மாற்றம். ஆனால் கேட்டுப் பெறுவதாக ஆனபிறகு, எப்போது கேட்கலாம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. 1984-இல் திருமணமாகி ஆறு மாதம் என்றார்கள். 1993-இல் இரண்டு ஆண்டு, 1998-இல் ஓராண்டு, 2003-இல் மறுபடி இரண்டு, 2006-இல் நான்கு. ஆட்சி மாற மாற இந்த எண் ஏறி இறங்கியதைப் பார்த்தால், ஒரு திருமணம் உண்மையானது என்று தெரிய எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு அரசிடம் எந்த அளவுகோலும் இருந்ததில்லை என்பது புரியும்.

பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணவனின் நாடே மனைவியின் நாடு என்ற சட்டத்தை யாரும் விரும்ப முடியாது. பெண்ணைத் தனி மனுஷியாக ஒப்புக்கொண்ட அந்த நியாயமான திருத்தத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு பேர், இரண்டு நாடு என்று ஆனதும், நடுவிலிருந்த திருமணத்தை எடைபோடும் வேலை அரசிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் சேர்ந்து வாழ்வதற்கான உரிமை என்ற ஒன்றை யாரும் அந்த இடத்தில் எழுதிவைக்கவில்லை.

எடைபோடும் அதிகாரம் எங்கெல்லாம் போகும் என்பதற்கு 1979 தொடக்கத்தில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது சாட்சி. வந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்பவருக்கு அன்று விசா தேவையில்லை. மறுபடியும் அதே மூன்று மாதம். அப்படி வந்த இந்திய ஆசிரியை ஒருவர் உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று பார்க்க அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்ததும் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. டெல்லியிலும் பம்பாயிலும் இருந்த பிரிட்டிஷ் தூதரகங்களிலும் இது நடந்தது என்பதும், எண்பதுக்கும் குறையாத பெண்கள் இதற்கு உள்ளானார்கள் என்பதும் பழைய அரசு ஆவணங்களிலிருந்து 2011-இல் வெளியே தெரிந்தன. ஓர் அரசு தன் குடிமகனின் மணப்பெண்ணைப் பார்த்து நீ யார் என்று கேட்கலாம். கேட்கும் விதத்துக்கு எல்லை இல்லாமல் போனதற்குக் காரணம், அந்தப் பெண்ணுக்கு உள்ளே வரும் உரிமை இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த யாரும் நினைக்காததுதான்.

உரிமை என்ற சொல் வேறொரு வாசல் வழியாக வந்தது. அது சுரங்க வாசல்.

1946-இல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இத்தாலி ஆள் அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி அனுப்பும். பத்தாண்டு கழித்து, 1956 ஆகஸ்ட் 8 அன்று, பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று ரோமில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர் எந்த நாட்டிலும் போய் வேலை செய்யலாம் என்ற உறுதி இடம்பெற்றது. குடும்பத்தைப் பிரிந்து கொட்டகைகளில் வாழும் தொழிலாளி எந்த ஊரிலும் வேரூன்ற மாட்டான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1968-இல் வந்த 1612-ஆம் எண் ஒழுங்குவிதியின் பத்தாவது பிரிவு, தொழிலாளியின் வாழ்க்கைத்துணையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் எந்த நாட்டவராக இருந்தாலும் அவரோடு குடியிருக்கலாம் என்றது. முறையான வீடு இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

எந்த நாட்டவராக இருந்தாலும் என்ற அந்தச் சின்னச் சொற்றொடர் பெரியது. செனகலிலிருந்து, மொராக்கோவிலிருந்து, இந்தியாவிலிருந்து வந்த கணவன் மனைவியர் அதைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவுக்குள் நின்றார்கள். 1985 பிப்ரவரியில், நாம் தொடங்கிய அதே ஆண்டில், பெர்லினில் பிரெஞ்சுக் கணவரைப் பிரிந்து தனி வீட்டில் வாழ்ந்த செனகல் பெண் ஒருவரின் வழக்கில், கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை, திருமணம் சட்டப்படி முறியும்வரை அது திருமணமே என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. படுக்கையறையை எட்டிப் பார்க்கும் வேலை இல்லை என்று சொன்ன தீர்ப்பு அது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று.

ஆனால் உரிமை யாருடையது? செனகல் பெண்ணுடையது இல்லை. அவருடைய பிரெஞ்சுக் கணவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார். அந்த நகர்வுக்குக் கிடைத்த துணையுரிமை அது. நகராத குடிமகனுக்கு? 1982-இல் சுரினாமைச் சேர்ந்த இரண்டு தாய்மார் நெதர்லாந்தில் தங்கள் டச்சுக் குடிமக்களான பிள்ளைகளோடு இருக்க அனுமதி கேட்டார்கள். பிள்ளைகள் வேறெந்த ஐரோப்பிய நாட்டிலும் வேலை செய்ததில்லை, ஆகவே இது நெதர்லாந்தின் உள்விவகாரம், ஐரோப்பியச் சட்டத்துக்கு இதில் பேச்சில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோருக்குச் சொன்ன அந்த விடைதான் வாழ்க்கைத்துணைக்கும். சொந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் குடிமகனைவிட எல்லை தாண்டிய குடிமகனுக்கு அதிக உரிமை என்ற விசித்திரம் அங்கே உறைந்து நின்றது.

அதில் ஒரு பிளவை உண்டாக்கியவர் ஓர் இந்தியர். சுரிந்தர் சிங் 1982-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் குடிமகளை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை செய்தார்கள். 1985 கடைசியில் திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். 1987-இல் மணமுறிவுக்கான இடைக்கால ஆணை வந்ததும், பிரிட்டன் அவரை இருக்கவிட மறுத்தது. மனைவி பிரிட்டிஷ்காரர், இருப்பது பிரிட்டனில், ஆகவே எங்கள் சட்டம்தான் என்றது அரசு. ஐரோப்பிய நீதிமன்றம் 1992 ஜூலை 7 அன்று வேறுவிதமாக யோசித்தது. ஜெர்மனியில் மனைவியோடு வாழும் உரிமை பெற்றவர், தாய்நாடு திரும்பும்போது அந்த உரிமையை இழப்பார் என்றால், முதலில் கிளம்பிப் போகவே எந்தக் குடிமகனும் தயங்குவார். ஆகவே திரும்பி வருபவரின் துணைக்கும் ஐரோப்பிய உரிமை உண்டு. தீர்ப்பு வந்தபோது அவருடைய திருமணம் முறிந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயர் மட்டும் ஐரோப்பா முழுவதும் ஒரு பாதைக்குப் பெயராக நின்றது. 'சுரிந்தர் சிங் வழி' என்று முன்பின் தெரியாத ஆயிரமாயிரம் தம்பதியர் அதைச் சொன்னார்கள்.

அந்தப் பாதையில் நடந்தவர்களில் டேனிஷ்காரர்கள் பலர். டென்மார்க் 2002-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டுத் துணையை அழைக்க இருவருக்குமே 24 வயது நிரம்பியிருக்க வேண்டும்; இருவருக்கும் சேர்த்து வேறெந்த நாட்டைவிடவும் டென்மார்க்கோடு அதிகப் பிணைப்பு இருக்க வேண்டும். கட்டாயத் திருமணத்திலிருந்து இளம்பெண்களைக் காக்கவே இது என்று அரசு சொன்னது. அந்தக் கவலையைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. பதினெட்டு வயதில் ஊருக்கு விடுமுறைக்கு என்று அழைத்துப் போய்த் தாலி கட்டி அனுப்பப்பட்ட பெண்களின் துயரம் உண்மையானது. ஆனால் அவர்களைக் காக்கக் கட்டிய வேலி, தானே தேர்ந்து தானே மணந்த ஒவ்வொரு இளைஞனையும் யுவதியையும் வெளியே நிறுத்தியது. பெண்ணைக் காப்பது என்றால் அவள் கையில் தப்பிக்கும் வழியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாட்டு இளைஞர் எல்லோருடைய திருமண வயதையும் குடிவரவு அலுவலகம் தீர்மானிப்பது அதற்கு வழியாகாது.

விதி வருவதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 2000 ஜூலையில், கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோ நகரையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் திறந்திருந்தது. டேனிஷ்காரர் பாலத்தைக் கடந்து மால்மோவில் வீடு எடுத்தால், அங்கே அவர் நகர்ந்த ஐரோப்பியக் குடிமகன். மனைவியோ கணவனோ வந்து சேரலாம். காலையில் ரயிலேறி கோபன்ஹேகனில் வேலை, மாலையில் பாலம் தாண்டி வீடு. சிலர் அதைக் காதல் பாலம் என்றே அழைத்தார்கள். கொஞ்ச காலம் வாழ்ந்துவிட்டு சுரிந்தர் சிங் வழியில் தாய்நாடு திரும்பியவர்கள் உண்டு. மால்மோவிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. டோகோவில் பிறந்து டேனிஷ் குடிமகனான ஒருவரும் கானாவைச் சேர்ந்த அவருடைய மனைவியும் அப்படிப் பாலம் தாண்டியவர்கள்தான். 28 ஆண்டு குடிமகனாக இருந்தவருக்குப் பிணைப்பு விதியிலிருந்து விலக்கு என்று டென்மார்க் வைத்திருந்தது. பிறப்பால் டேனிஷ்காரருக்கு 28 வயதில் கிடைப்பது, குடிபெயர்ந்து வந்து குடியுரிமை பெற்றவருக்கு முதுமையை நெருங்கும்போது கிடைக்கும். 2016 மே 24 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அது இனப் பாகுபாடு என்றது.

ஒரு நாட்டின் தலைநகரில் பிறந்து வளர்ந்தவர், மனைவியோடு வாழ்வதற்காகத் தினமும் கடலைக் கடந்து அடுத்த நாட்டுக்கு உறங்கப் போனார் என்பதை, சட்டத்தின் சாமர்த்தியமாக என்னால் பார்க்க முடியவில்லை. டச்சுக்காரர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். பிரிட்டன் 2012 ஜூலையில் வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் வேண்டும் என்றதும் பிரிட்டிஷ்காரர்கள் அயர்லாந்துக்குப் போனார்கள். அதே காலத்தில் ஜெர்மன், டச்சு அல்லது பிரெஞ்சுக் குடியுரிமையோடு லண்டன் வந்து குடியேறியிருந்த ஈழத்தமிழர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை ஐரோப்பியச் சட்டப்படி கட்டணமில்லாத அனுமதியில் அழைத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த வீட்டில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, மனைவியை 'ஸ்பொன்சர்' செய்ய வருமானச் சான்றுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பிரெக்ஸிட்டோடு அந்த வாசலும் மூடியது. அந்த வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏறியது.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். 2004-இல் வந்த 38-ஆம் எண் ஐரோப்பிய ஆணை சிதறிக் கிடந்த விதிகளை எல்லாம் ஒன்றாக்கியது. ஐரோப்பியக் குடிமகன் தன் நாடு அல்லாத வேறு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது கூடவே போகும் அல்லது பின்னால் போய்ச் சேரும் துணைக்கு விசா கட்டணமில்லை, விரைவாகத் தரவேண்டும். மூன்று மாதம்வரை எந்த நிபந்தனையும் இல்லை. அதற்கு மேல் தங்கினால், குடிமகன் வேலை செய்பவராகவோ, தன் செலவைத் தாங்கக்கூடியவராகவோ இருக்கவேண்டும். துணை குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதைத் தந்தாக வேண்டும். ஐந்தாண்டு போனால் நிரந்தர உரிமை. முன்பே வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி இருந்திருந்தால்தான் இதெல்லாம் என்று சில அரசுகள் சொல்லிப் பார்த்தன. அயர்லாந்திலிருந்து போன வழக்கில் 2008 ஜூலை 25 அன்று நீதிமன்றம் அதை மறுத்தது. 2018 ஜூனில், ஓர் ஆணும் ஆணும் பிரஸ்ஸல்ஸில் செய்துகொண்ட திருமணமும் இந்த ஆணைக்கு முன் திருமணமே என்று ருமேனியாவுக்குச் சொன்னது.

சுற்றுலா விருந்தாளியின் கணக்கும் இதற்குள் இறுகியது. முதல் நுழைவிலிருந்து ஆறு மாதம் என்ற பழைய விதியில், ஆறு மாதத்தின் முடிவில் நுழைந்து அடுத்த ஆறு மாதத்தோடு ஒட்டித் தங்கிவிட இடம் இருந்தது. 2013 அக்டோபர் 18 முதல் அது 180 நாளில் 90 நாள் என்று ஆனது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். அதில் 90-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நகரும் சட்டகம் அது. இந்தக் கணக்கு, குடிமகனோடு சேர்ந்து வேறொரு உறுப்பு நாட்டில் பயணிக்கும் துணையைக் கட்டுப்படுத்தாது. ஜெர்மன் கணவரோடு மூன்று மாதம் ஸ்பெயினில் இருந்துவிட்டு, அவரோடேயே இத்தாலிக்குப் போய் இன்னொரு மூன்று மாதம் இருக்கலாம். ஆனால் அவர் இல்லாமல் தனியாகப் போனால் எல்லோரையும் போல் 90. அவரோடு ஜெர்மனிக்குள்ளே இருந்தால் ஜெர்மன் சட்டம். அதாவது கணவனின் சொந்த ஊரில்தான் மனைவிக்கு ஐரோப்பிய உரிமை மிகக் குறைவு.

சென்னையில் கதே இன்ஸ்டிட்யூட் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். 2007 ஆகஸ்டிலிருந்து ஜெர்மன் குடிமகனின் மனைவி, விசாவுக்கு முன்பே ஜெர்மன் மொழியின் ஏ1 நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பெர்லினில் வேலை செய்யும் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கு அந்தத் தேர்வு கட்டாயமில்லை, ஏனென்றால் அவர் கணவர் நகர்ந்தவர். 'புளூ கார்டு' என்ற வேலை அனுமதி வாங்கிப் போன இந்தியப் பொறியாளரின் மனைவிக்கும் இல்லை, ஏனென்றால் அவர் கணவர் தேவைப்படுபவர். இவர்களில் ஜெர்மன் குடிமகளாகவோ குடிமகனாகவோ இருப்பவரின் துணை மட்டும் வினைச்சொற்களை மனப்பாடம் செய்து, தேறாவிட்டால் மறுபடி பணம் கட்டிக் காத்திருக்கிறார். மொழி கற்பது நல்லது. போகிற ஊரின் மொழி தெரியாமல் வாழ்வது கொடுமை. அதை அங்கே போய், துணைவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு கற்றால் என்ன குறைந்துவிடும் என்பதற்கு இன்றுவரை நிறைவான பதில் நான் கேட்டதில்லை.

பிறர் உரிமையில் தொங்கும் உரிமையின் கொடுமை, திருமணம் கசக்கும்போது முழுதாகத் தெரிகிறது. மூன்றாண்டு மணவாழ்வு, அதில் ஓராண்டு அந்த நாட்டில் என்று இருந்தால் மணமுறிவுக்குப் பின்னும் தங்கலாம்; குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2004 ஆணை சொல்கிறது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்பே ஐரோப்பியக் கணவர் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால்? 2016-இல் பிரிட்டனில் ஜெர்மன் கணவரால் தாக்கப்பட்ட பாகிஸ்தான் பெண் ஒருவரின் வழக்கில், அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அடித்தவர் விமானம் ஏறியதும் அடிபட்டவரின் உரிமை அவரோடேயே போய்விட்டது. இதைத் திருத்த ஐந்தாண்டு ஆயிற்று. 2021 செப்டம்பரில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு வழக்கில்தான், கணவரோ மனைவியோ போனபிறகு நியாயமான காலத்துக்குள் மணமுறிவு கேட்டாலும் உரிமை நிற்கும் என்று நீதிமன்றம் தன் பழைய சொல்லை மாற்றிக்கொண்டது.

2020 கோடையில் கொரோனாவுக்காக எல்லைகள் மூடியிருந்தபோது, பிரிந்து கிடந்த இரு நாட்டு ஜோடிகள் ஒரு முழக்கத்தை எழுப்பினார்கள்: காதல் சுற்றுலா இல்லை. ஆகஸ்டு 10 முதல் ஜெர்மனி மணமாகாத துணைகளுக்கும் வாசலைத் திறந்தது. மூன்று மாத அளவை எழுதிவைத்த 1957-இலிருந்து யாராவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. இவ்வளவு காலமும் துணைவரின் உரிமை ஏதாவது ஒன்றின் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறது. முதலில் கணவனின் நாடு, பிறகு தொழிலாளியின் நகர்வு, இப்போது வருமானமும் மொழிச் சான்றும். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிபதிகள் 1985-இல் எழுதிய அந்தப் பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது. திருமணம் செய்துகொண்ட இருவரில் ஒருவருக்கு ஒரு நாடு சொந்தம் என்றால், மற்றவர் அங்கே விருந்தாளியாக எண்ணப்படக் கூடாது, போலி என்று சந்தேகித்தால் அதை நிரூபிக்கும் சுமை அரசினுடையது என்று அந்தப் பத்தி திருத்தி எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் இயந்திர முறை தொடங்கியிருக்கிறது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா வாசல்களிலும் முழுமையாக என்று நாள் குறித்தார்கள். நாட்களை இனிக் கணினி எண்ணும். குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் துணைவரை அது பதிவுசெய்யாது. அட்டை இல்லாத துணைவரைப் பதிவுசெய்யும், ஆனால் அவருக்கு 90 நாள் கணக்கைப் போடக்கூடாது என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய கணவர் என்பதை அந்தக் கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். அப்போஸ்டில் முத்திரையும் மொழிபெயர்ப்பும் சேர்த்த திருமணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் விளக்க வேண்டியது பயணியின் பொறுப்பாக இருக்கிறது.

நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கும் தம்பதியர் வரிசை பிரியும் இடத்துக்கு வருகிறார்கள். ஒரு பலகையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம். இன்னொன்றில் எல்லாப் பாஸ்போர்ட்டுகளும் என்று இருக்கிறது. அவர் இடப்பக்கம் போகிறார், இவர் வலப்பக்கம் திரும்புகிறார். குழந்தை யாரோடு நிற்பது என்று ஒரு நொடி குழப்பம். வேறு உறுப்பு நாட்டுக்குச் சேர்ந்து போகும் குடும்பம் நட்சத்திர வரிசையிலேயே ஒன்றாக நிற்கலாம் என்று ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு சொல்கிறது. பலகையில் அது எழுதப்படவில்லை.